எங்கள் லாட்ஜ் டேங்க் நிறைவதே இல்லை

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால் தென்காசியில் முதலில் வருகிற கேள்வி, "மரம் நடுத படிப்பா?" என்பதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது நல்லது. இல்லை என்று சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால் எதிரில் இருப்பவர் கையில் உள்ள காப்பியைக் கீழே வைத்துவிடுவார். ஏனென்றால் இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து நான் பெரும்பாலும் படித்தது மனித மலத்தைப் பற்றி.

அதற்கு மரியாதையான பெயர்கள் நிறைய இருந்தன. கழிவுநீர் மேலாண்மை, நுண்ணுயிர்த் தரக் குறியீடு என்றெல்லாம் சொல்வோம். விஷயம் ஒன்றுதான். கோலிஃபார்ம் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அதில் ஒரு ரகம் மனிதக் குடலில் சொகுசாக வாழ்கிற ஜீவன். அது தண்ணீரில் இருந்தால் அந்தத் தண்ணீரை ஏற்கெனவே யாரோ வேறு காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, சூடான பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் வந்து பார்க்க வேண்டும். குமிழி வந்திருந்தால் சந்தேகம் பலம். நாங்கள் குமிழியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற கூட்டம். வகுப்பில் யாருடைய குழாயில் அதிகக் குமிழி என்று போட்டிகூட நடக்கும்.

நான் இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டுச் சேரவில்லை. வேதியியல் கேட்டேன், இடமில்லை என்றார்கள். பக்கத்துத் துறையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. சேர்ந்த பிறகு பிடித்துப்போனது. எதையும் மோந்து பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்கு ஒரு பட்டமும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது வலிக்கவா செய்யும்?

அப்பாவுக்குத்தான் என்னைவிடப் பெருமை. அவருக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். நான் பிறப்பதற்கு முன்பே கீழப்பாவூர்ப் பக்கம் இருந்த வயலை விற்றுக் கட்டியது. வீடு தென்காசியில், பிழைப்பு குற்றாலத்தில். ஆனியில் சாரல் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் நடக்கிற சீசனில் என்ன வருகிறதோ, அதை வைத்துத்தான் மிச்ச வருடம் முழுவதும் சோறு, துணி, என் படிப்பு, அம்மாவின் மாத்திரை எல்லாம். சீசன் கெட்டால் வருடம் கெட்டது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, சாவி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்மவ சுற்றுச்சூழல்ல மாஸ்டர் டிகிரி படிக்கா" என்பார். அவர்கள் சுடுதண்ணீர் வருமா என்று கேட்பார்கள்.

படிக்கப் படிக்க நான் வீட்டுக்கு ஆகாதவள் ஆனேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பளபளவென்று நிற்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு ஆள் தெரியாது, எண்ணெய்ப் படலம்தான் தெரியும். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடிக்கிறவர்களிடம் சண்டைக்குப் போவேன். "குற்றாலத்துத் தண்ணி மூலிகைத் தண்ணிலா" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த மூலிகை? பேர் சொல்லுங்க" என்று மடக்குவேன். லாட்ஜ் வாசலில் 'ஓடையில் சோப்புப் போடாதீர்' என்று ஒரு பலகை எழுதி வைத்தேன். மறுநாள் அதன் மேல் ஈர ஜட்டிகள் வரிசையாகக் காய்ந்தன. வைத்த இடம் நல்ல வெயில் படுகிற இடம், என் தப்புதான்.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு என்ன எடுப்பது என்று வந்தபோது என் வழிகாட்டி மேடம், "உங்க ஊர்லயே எடு. சோத்துக்கும் ரூமுக்கும் அலைய வேண்டாம்" என்றார். நியாயமான யோசனை. எங்கள் லாட்ஜுக்குப் பின்புறம் ஓர் ஓடை போகிறது. அருவித் தண்ணீர் சிற்றாற்றில் போய்ச் சேர்வதற்குள் கிளை பிரிந்து ஓடுகிற சின்ன ஓடைகளில் அதுவும் ஒன்று. கொஞ்சம் மேலே ஒரு பாலம். கீழே ஒரு படித்துறை. பாலத்துக்கும் படித்துறைக்கும் நடுவில் ஓடையை ஒட்டி வரிசையாக லாட்ஜுகள், அதில் ஒன்று எங்களுடையது. பெரிய அருவியில் கூட்டத்துக்குப் பயந்தவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள், வெள்ளம் வந்து அருவியில் தடை போட்டால் ஏமாந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் அந்தப் படித்துறையில்தான் குளிப்பார்கள்.

பாலத்தடியில் எடுத்த தண்ணீரில் பெரிதாகக் குறை இல்லை. படித்துறைத் தண்ணீரில் குழாய்க்குக் குழாய் குமிழி. மறுபடி எடுத்தேன், மறுபடியும் குமிழி. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நடுவுல எங்கேயோ ஒரு லாட்ஜோட செப்டிக் டேங்க் ஓடைல இறங்குது. எந்த லாட்ஜ்னு கண்டுபிடி, அதுதான் உன் ஆய்வு" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். பக்கத்துல உள்ளவந்தான். அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

பக்கத்து லாட்ஜ்காரருக்கும் அப்பாவுக்கும் கார் நிறுத்துகிற இடத்தில் பல வருடத் தகராறு. வேன் வந்து நின்றால் அது யார் வாசல் என்று இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

"மூஞ்சிய வச்சு எழுத முடியாதுப்பா. டெஸ்ட் பண்ணணும்."

"பண்ணு. நல்லாப் பண்ணு. பண்ணி அந்த மூதியப் பிடிச்சுக் குடு. டிகிரிக்கு டிகிரியும் ஆச்சு, ஊருக்கும் ஒரு நல்லது."

டெஸ்டுக்கு ஒரு சாயப்பொடி இருக்கிறது. ஃப்ளோரசின் என்று பெயர். பார்க்கச் செங்கல் தூள் மாதிரி இருக்கும், தண்ணீரில் விழுந்தால் கிளிப்பச்சை. கண் டாக்டர்களே கண்ணில் விட்டுப் பார்க்கிற சாயம், அதனால் ஆபத்தில்லை. சந்தேகப்படுகிற கக்கூஸில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடையில் போய் நிற்க வேண்டியது. பச்சை வந்தால் அந்த வீட்டுக் கழிவு. உலகத்திலேயே இதைவிட எளிமையான விஞ்ஞானம் கிடையாது. ஆனால் அதற்கு அடுத்தவர் கக்கூஸுக்குள் போக அனுமதி வேண்டும்.

பக்கத்து லாட்ஜில் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க கக்கூஸ்ல நீ கலர்ப்பொடி போடணுமா? உங்க அப்பா அனுப்புனாரா?"

"இல்ல அண்ணாச்சி, காலேஜ்ல..."

"காலேஜ்ல இதயா சொல்லிக் குடுக்காவ? போ தாயி, வேலையப் பாரு."

மற்ற லாட்ஜுகளிலும் இதே பூசைதான். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. "மொதல்ல நம்ம லாட்ஜ்ல போடு. நம்மளே போட்டுக் காட்டி, நம்ம சுத்தம்னு ஆயிட்டுன்னா பொறவு எவன் மாட்டேம்பான்? மாட்டேன்னு சொன்னாலே அவந்தான் திருடன்னு அர்த்தம்லா."

அம்மாவுக்கு மனதில்லை. "ஏங்க, சீசன் முடியட்டுமே. ஓட்டமா இருக்குத நேரத்துல எதுக்கு இதெல்லாம்?" அம்மா பயந்ததில் விஷயம் இருந்தது. முந்தைய சீசனில் அடுத்த தெரு லாட்ஜ் ஒன்றில் குளியலறையில் எலி ஓடுவதை யாரோ செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதோடு அந்த லாட்ஜுக்கு ஆள் வருவது நின்றது. எலிக்கே அந்தக் கதி.

அப்பா கேட்கவில்லை. அவர் தைரியத்துக்குக் காரணம் எங்கள் டேங்க்.

இந்த டேங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பால்வாடிக்குப் போகிற வயதில் அப்பா மாடி எடுத்து அறைகளைக் கூட்டினார். அப்போதே புது செப்டிக் டேங்க் கட்டினார். வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்து, திசைகாட்டி வைத்து, வடமேற்கே வாயு மூலையில் குழி தோண்டினார். ஒவ்வொரு சீசனிலும் மற்ற லாட்ஜுகளுக்கு ஆலங்குளத்துப் பக்கமிருந்து கழிவு லாரி வந்து, குழாயை விட்டு உறிஞ்சி, தெரு முழுக்க மணம் பரப்பிவிட்டுப் போகும். எங்கள் லாட்ஜுக்கு லாரி வந்ததே கிடையாது. அப்பா வாசலில் நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு லாரியைப் பார்ப்பார். "நம்ம டேங்க் நெறையவே நெறையாது கேட்டியளா? ராசியான டேங்க். எடம் பாத்து வச்சதுலா" என்பார். அவர் பேச்சைக் கேட்டு வாஸ்துக்காரரின் செல் நம்பரை வாங்கிப் போனவர்கள் உண்டு.

செப்டிக் டேங்கின் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள் நான். எத்தனை பேர் பயன்படுத்தினால் எவ்வளவு காலத்தில் நிறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இருந்தும், சீசன் முழுக்க அறை நிரம்பி வழிகிற ஒரு லாட்ஜின் டேங்க் நிறையவே இல்லை என்றால் எல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வகுப்பில் படிப்பது மற்றவர்கள் டேங்கைப் பற்றி. நம் டேங்க் நம் டேங்க்தான்.

நாள் குறித்தோம். அன்று காலையிலிருந்தே சாரல் கனத்துப் பெய்தது. மலையில் இன்னும் பலமான மழை போல, பெரிய அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம், ஓடையில் ஓட்டம் இருந்தால் சாயம் சீக்கிரம் வந்துவிடும் என்று. தடை போட்டால் கூட்டம் எங்கே போகும் என்பதை யோசிக்கவில்லை.

கீழ்த்தளத்து அறை ஒன்றைக் காலியாக வைத்திருந்தார் அப்பா. குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கக்கூஸுக்குள் நான் பொடியைக் கொட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட நான் கையை நீட்டியபோது, "இரு, நான் பண்ணுதேன்" என்று முன்னால் வந்து, கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று பொத்தானை அமுக்கினார். பச்சை ஒரு சுழி சுழித்து இறங்கியது. திரும்பத் திரும்ப அமுக்கினார், நன்றாகப் போகட்டும் என்று.

"போய்ப் பாரு. ஒண்ணும் வராது. சும்மா வெறும் தண்ணிதான் வரும்" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனார்.

நான் புட்டிகளை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். திருவிழாக் கூட்டம். அருவியில் தடை என்றதும் எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பெரியவர் முதல் கைக்குழந்தை வரை மொத்தமாகத் தண்ணீருக்குள் இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் தன் பெஞ்சையே படித்துறைக்குத் தூக்கி வந்திருந்தார். நான் ஓரமாக ஒரு கல்லில் குடையோடு உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்பா சொன்னது சரிதான் என்று எழுந்திருக்கப் போனேன்.

அப்போது பச்சை வந்தது.

முதலில் கரையோரமாக ஒரு நூல் போல வந்து, அப்புறம் அகன்று, படித்துறை முழுக்கப் பரவிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மேகம் மூடிய வெளிச்சத்தில் தண்ணீர் உள்ளிருந்தே மினுங்கியது. பார்த்த அதே நொடியில் ராசியான டேங்க் எனக்குப் புரிந்துவிட்டது. ஆய்வு முடிந்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. அப்பா என்கிற ஒரே எண்ணம்தான்.

கூட்டத்துக்கும் புரிந்தது. வேறு மாதிரி.

"ஏப்பா, இங்கிட்டு வந்து பாருங்க, தண்ணி பச்சையா வருது!"

எண்ணெய் தேய்ப்பவர் எழுந்து வந்து பார்த்தார். எதற்கும் தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "இது மூலிகைச் சாறுலா! மேல செண்பகாதேவி அருவிப் பக்கம் பச்சிலை கரைஞ்சு எறங்குது. சாரல் பலமா விழுந்தாத்தான் வரும். அபூர்வம்."

"முன்னாடி எப்ப வந்துச்சுண்ணே?"

"எங்க அப்பா காலத்துல ஒருக்க வந்துச்சு."

போதாதா? முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் முங்கினார்கள். முங்கினவர்கள் வாய் கொப்பளித்தார்கள். ஓர் அம்மாள் முட்டியில் பச்சைத் தண்ணீரை வாரி வாரித் தேய்த்தார். எங்கிருந்துதான் வந்தனவோ, காலி தண்ணீர் பாட்டில்கள் ஆளுக்கொன்று கையில் முளைத்தன. படிக்கு மேலே செல்போன்கள் வரிசையாக நின்றன.

நான் வாயைத் திறந்தேன். முழுசாகத் திறக்கவில்லை. பாதி சொன்னால் போதும், லாட்ஜ் பெயர் வராமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

"இது மூலிகை இல்லைங்க. சாயப்பொடி. நான் காலேஜ் ஆராய்ச்சிக்காகப் போட்டது."

ஒருவர் பாட்டிலை நிறுத்தினார். "சாயமா? விஷமா?"

நான் படித்த படிப்பு அந்த நேரம் பார்த்து நாக்கில் ஏறி உட்கார்ந்தது. "விஷமெல்லாம் இல்லை. கண் ஆஸ்பத்திரியில கண்ணுலயே விடுவாங்க."

"கண்ணுக்கு மருந்தாம்!" என்றது கூட்டம். முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் இப்போது கண்ணில் அடித்துக் கழுவ ஆரம்பித்தார்.

மதுரைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பாட்டில் மூடியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, இடுப்பில் இருந்த குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். குழந்தைக்குச் சளியாம், மூலிகை நல்லதாம். குழந்தை பல்லில்லாத வாயைத் திறந்தது.

நான் கத்தினேன். "அது கக்கூஸ் தண்ணி! எங்க லாட்ஜ் கக்கூஸ் தண்ணி! குடுக்காதீங்க! வாயில வைக்காதீங்க!"

குழந்தை பயந்து அழுதது. மூடி தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எந்த லாட்ஜ்?" என்றார் ஒருவர்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். கூப்பிடு தூரத்தில் பின்பக்கச் சுவர், அதில் சிவப்பு எழுத்தில் பெரிதாகப் பெயர். அந்தக் கை என்னுடையதா என்றே எனக்குத் தெரியவில்லை.

நம்பவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை. எண்ணெய் தேய்ப்பவருக்குக் கோபம் வந்தது. "ஏ புள்ள, அந்த லாட்ஜ் அண்ணாச்சி எப்பேர்ப்பட்ட ஆளு! வாய்க்கு வந்ததச் சொல்லாத." சத்தம் கேட்டுப் பக்கத்து லாட்ஜ்காரர் ஓடிவந்தார். சந்தோஷப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டார். "நம்ம அண்ணாச்சி மவதான். சின்னப் புள்ள, தெரியாமச் சொல்லுது. அண்ணாச்சி டேங்க் இங்கன உள்ளதுலயே நல்ல டேங்க். நீங்க குளிங்க." பிறகு என்னிடம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, "ஒரு லாட்ஜ் நாறுனா தெருவே நாறும்ட்டி. வாய மூடு" என்றார்.

அவர் சொன்னதில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அத்தனை பேரும் நான் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நானும்தான்.

அப்போது அப்பா படியில் இறங்கி வந்தார். கையில் குடை. சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. பச்சைத் தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் எண்ணெய் தேய்ப்பவர். "உம்ம மவ என்ன சொல்லுதான்னு கேளும். இது உங்க கக்கூஸ் தண்ணியாம்லா. நெசமா?"

பக்கத்து லாட்ஜ்காரர், "அவ ஏதோ பச்சப்புள்ள..." என்று ஆரம்பித்தார்.

அப்பா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் சிரித்திருக்கும். நான் அரைக் கிறுக்கியாகி இருப்பேன், அவ்வளவுதான். லாட்ஜ் பிழைத்திருக்கும், சீசன் பிழைத்திருக்கும். அவர் சொல்வதற்கு முன்னாலேயே நம்பத் தயாராகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நிஜமா என்று கேட்கிற பார்வை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நெசந்தான்" என்றார். கூட்டத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னார். "நெசந்தான். இப்பந்தான் என் கையாலயே பொடியக் கரைச்சு விட்டேன். எங்க டேங்க்தான். எம்மவ படிச்ச புள்ள, அவ பொய் சொல்ல மாட்டா. எல்லாரும் ஊத்திருங்க. வெளிய வாங்க."

யாரும் அசையவில்லை. அவர் குடையைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார். ஒவ்வொருவர் கையிலிருந்தும் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தார். "ஊத்திரு தாயி. ஊத்திருய்யா." முட்டி தேய்த்த அம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளை வேட்டி இடுப்பு வரைக்கும் பச்சையானது.

அப்புறம் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. செல்போன்கள் தங்கள் வேலையைச் செய்தன. சாயங்காலத்துக்குள் லாட்ஜ் காலி. போகும்போது சிலர் திட்டினார்கள், சிலர் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா எல்லோரையும் நின்று வழியனுப்பினார். மறுநாள் வாயு மூலையைத் தோண்டினோம். மாடி எடுத்த காலத்துக் கொத்தனார், பாறை தட்டியதும் மேற்கொண்டு தோண்டச் சோம்பல்பட்டு, டேங்கின் அடியிலேயே ஒரு வழி வைத்து, அதை மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்து மண்ணைப் போட்டு மூடியிருந்தார். குழாய் நேரே ஓடைக்குப் போனது. பிறகு எப்படி நிறையும்? ஓட்டை டேங்கை எந்த மூலையில் வைத்தாலும் ராசிதான்.

மேடத்துக்குப் போன் பண்ணினேன். "எக்ஸலண்ட்! இவ்வளவு தெளிவான முடிவு யாருக்கும் கிடைச்சதில்லை" என்றார். அவரை அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பையும் பிடிக்கவில்லை. சொன்னது சரி என்று தெரியும், இன்னொரு தடவை நடந்தாலும் கத்துவேன் என்றும் தெரியும். ஆனாலும் அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் மூக்கைச் சிந்துவதைக் கேட்கும்போது, சரி என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். சீசன் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வாசலில் நின்றன. தகராறு செய்ய ஆள் இல்லை. ஆள் வராத லாட்ஜுக்கு அவர் தினமும் போய், அதே மேசையில் உட்கார்ந்து, மாலையில் திரும்பி வந்தார். ஒரு நாள் மதியம் அம்மா சாப்பாட்டுத் தூக்கை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது அவர் பின்பக்கக் கதவைத் திறந்துபோட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை அடைத்துவிட்டதால் தண்ணீர் பழையபடி தெளிவாகப் போயிற்று.

தூக்கை வைத்தேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அந்தக் குழாய் போட்டு எத்தன வருசம் ஆச்சுட்டி?" என்றார்.

"மாடி எடுத்ததுல இருந்துப்பா."

"அப்பம் நீ சின்னப் புள்ள."

"ஆமா."

மறுபடி ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். லாட்ஜைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன். எப்படியாவது சமாளிக்கலாம், அடுத்த சீசனுக்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று சொல்வதற்கு வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு நீச்சல் பழக்குனது அந்தப் படித்துறையிலதான்" என்றார். "வயித்துக்கு அடியில கையக் குடுத்து நாந்தான் பழக்குனேன். தண்ணி வாய்க்குள்ள போயிட்டுன்னு நீ துப்புவ. துப்பாதட்டி, முழுங்கு, மூலிகைத் தண்ணிலா, ஒடம்புக்கு நல்லதுன்னு நாந்தான் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, கல்லுக் குண்டு மாதிரி நிற்கிறேனே என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.